ஸ்லோ நிக்குதா?

போன செவ்வாய்க்கிழமை பல் டாக்டரிடம் போவதற்காக ஒரு வாடகைக் காரில் ஏறினேன். லிங்கராஜபுரத்தைத் தாண்டுவதற்குள் ஒரு சிவப்பு விளக்கு. கார் நின்றது. கூடவே என்ஜினும் நின்றது. பின்சீட்டில் இருந்த என் வலது கால் தானாக நீண்டு, அங்கே இல்லாத ஆக்ஸிலேட்டரை இரண்டு தடவை மிதித்தது.

"தம்பி, வண்டி ஆஃப் ஆயிடுச்சு."

"அது அப்படித்தான் சார். சிக்னல்ல தானா ஆஃப் ஆவும், தானா ஆன் ஆவும். பெட்ரோல் மிச்சம்."

பல் டாக்டர் வரைக்கும் ஆறு சிக்னல். ஆறிலும் என்ஜின் அடங்கியது, ஆறிலும் உயிர் வந்தது. ஆறு தடவையும் என் கால் மிதித்தது. டாக்டரின் நாற்காலியில் சாய்ந்தபோது பல்லைவிட முழங்கால்தான் அதிகம் வலித்தது.

என்னிடமும் ஒரு கார் இருந்தது. அதுவும் சிக்னலில் தானாக ஆஃப் ஆகும். அந்தக் காலத்தில் அதை யாரும் வசதி என்று சொல்லவில்லை. எந்தக் கம்பெனிக் கார் என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கு முன்னால் மூன்று பேர் அதை ஓட்டியிருந்தார்கள், நான் நாலாவது ஆள். குற்றத்தை நாலாகப் பிரித்துக்கொள்வதுதான் நியாயம்.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூர் ஆஸ்டின் டவுனில் குடியிருந்தேன். ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை. ஆணி, நட்டு, வாஷர் எல்லாம் கணக்கில் உள்ளபடி இருக்கின்றனவா என்று எண்ணிச் சரிபார்க்க வேண்டும். பதினெட்டு வருஷம் வாஷர் எண்ணியவனுக்கு வீட்டுக்கு வந்த பிறகும் எண்ணிக்கை ஓயாது. மாடிப்படி, ஜன்னல் கம்பி, எதிர்வீட்டுக் கொடியில் காயும் வேட்டி எல்லாவற்றையும் எண்ணுவேன். ஒன்று குறைந்தால் எனக்கு மனசு கேட்காது. வேட்டி என்னுடையது இல்லை என்பது வேறு விஷயம்.

காரும் எண்ணுவதற்குத் தோதாகவே நடந்துகொண்டது. வண்டியை ஓரமாக நிறுத்தி, கியரை எடுத்துவிட்டு, காலையும் எடுத்தால் என்ஜின் மெல்ல, ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் ஊர் மெக்கானிக்குகள் அதற்கு வைத்த பெயர் ‘ஸ்லோ’. என் காரின் ஸ்லோ சீராக இராது. குறட்டை விடுகிற மனுஷனைப் போல ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். நிமிஷத்துக்குப் பதினோரு ஏற்றம், பதினோரு இறக்கம். ஏதாவது ஓர் இறக்கத்தில் அப்படியே அடங்கிவிடும். வீட்டிலிருந்து அல்சூர் போவதற்குள் சராசரி ஐந்து தடவை. திரும்ப ஸ்டார்ட் செய்வதற்குள் பெட்ரோல் வாசனை கிளம்பி, கை, சட்டை, எல்லாவற்றிலும் ஏறிவிடும். இன்றைக்கும் எங்கேயாவது பெட்ரோல் வாசனை வந்தால் எனக்கு ஞாபகம் வருவது வெற்றிலைத் தட்டு. காரணம் இருக்கிறது.

என் அக்கா மர்பி டவுனில் இருந்தாள். அத்தான் போன பிறகு அவளும் மகள் மஞ்சுளாவும் மட்டும்தான். மஞ்சுளாவுக்கு இரண்டு இடம் பேச்சு அளவிலேயே கலைந்துபோய், மூன்றாவதாக வாணியம்பாடியிலிருந்து ஓர் இடம் கூடி வந்தது. பையன் நல்லவன், வாயைத் திறக்கமாட்டான். அவனுக்கும் சேர்த்து அவனுடைய பெரியப்பா பேசினார். நிச்சயத்துக்கு நான் வழியில் ஐந்து தடவை என்ஜினை எழுப்பிவிட்டு நேராக வந்து வெற்றிலைத் தட்டை எடுத்து நீட்டினேன். பெரியப்பா ஒரு வெற்றிலையை எடுத்து, முகர்ந்து பார்த்தார்.

"வெத்தலையில பெட்ரோல் வாசம் வருது. யாரு வண்டி வெச்சிருக்கறது?"

"என் தம்பிதான்," என்றாள் அக்கா. அவள் குரலில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

"தாய்மாமன் வண்டியே இருக்குதா? அப்ப மாப்பிள்ளை அழைப்புக்கு வேற வண்டி எதுக்கு. அதுவே வரட்டும். ஒண்ணே ஒண்ணு. ஆட்டம் பாட்டத்துக்கு நிக்கலாம், பரவால்ல. கெட்டு நிக்கக்கூடாது. என் கடைசித் தம்பி கல்யாணத்துல அப்படித்தான் நடுரோட்டுல நின்னுச்சு. பத்தாவது நாள் அவன் பொண்டாட்டி தாய்வீட்டுக்குப் போயிட்டா. இந்தத் தடவை நின்னா நாங்க அங்கயே எறங்கி பஸ்ஸப் புடிச்சிடுவோம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மற்றவர்களும் சிரித்தார்கள். எல்லாரும் சிரித்து முடிப்பதற்குள் அவர் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள்.

"நிக்காது," என்றேன்.

கல்யாணத்துக்கு இருபத்து மூன்று நாள் இருந்தது.

மாப்பிள்ளை அழைப்புக் கார் எப்படிப் போகும் என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்னால் பேண்டு செட், பின்னால் தட்டு ஏந்திய பெண்கள், நடுவே கார். நடக்கிற வேகத்தைத் தாண்டக்கூடாது. அதாவது அந்தக் காருக்குத் தேவைப்படுவது ஸ்லோ ஒன்றுதான். வேகமாகப் போகச் சொன்னால் என் கார் மைசூர் வரை போயிருக்கும். மெதுவாகப் போகத்தான் அதற்குத் தெரியாது.

மர்பி டவுன் ஓரத்தில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் சம்பங்கி என்ற மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். ஸ்குரூ டிரைவரின் முனையை என்ஜினிலும் பிடியைத் தன் காதிலும் வைத்துக்கொண்டு, டாக்டர் மாதிரி கண்ணை மூடிக் கேட்பார்.

"ஸ்லோ நிக்கணும் சார்," என்றார். "ஓடறதுன்னா எந்த வண்டியும் ஓடும். ஸ்லோ நின்னாத்தான் அது வண்டி."

கார்புரேட்டரின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கிறது. அதைக் கால் சுற்று திருகினார். இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு போன் செய்யச் சொன்னார்.

போன் என்றால் அவருடைய போன் இல்லை. பக்கத்துப் பேக்கரியின் போன். அப்போதெல்லாம் கல்யாணப் பத்திரிகையில்கூட நம்பருக்குப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று போட்டிருக்கும். பக்கத்து வீட்டில் கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று அர்த்தம். பேக்கரிக்காரர் புட்டசாமி ஹாசன் பக்கத்துக் கன்னடக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார். ஆனால் அடுப்பை விட்டு, கல்லாவை விட்டு சம்பங்கியைக் கூப்பிட்டுவரப் போகமாட்டார். ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக் கத்துவார், அங்கிருந்து வரும் பதிலை எனக்குச் சொல்வார். யார் சொன்னதைச் சொன்னாலும் கடைசியில் ‘அந்தெ’ என்று ஒரு கன்னடச் சொல்லைச் சேர்ப்பார். நாம் ‘வருதாம்’, ‘போவுதாம்’ என்று சேர்க்கிற ‘ஆம்’தான் அது.

"சார், நிக்குதா அந்தெ."

"நிக்குது. இன்னிக்கு மட்டும் அஞ்சு எடத்துல நின்னுச்சு."

வாசல் பக்கம் ஒரு கத்தல். பதில் கத்தல். பின்னணியில் ரஸ்க் தட்டுகளை அடுக்குகிற ஓசை.

"ரொம்ப சந்தோஷம் அந்தெ. அப்படியே உட்டுடுங்க, கை வெக்காதீங்க அந்தெ."

நடுரோட்டில் ஐந்து தடவை நின்றது என்கிறேன், அந்த மனுஷன் சந்தோஷம் என்கிறார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய் அந்தத் திருகை எதிர்ப்பக்கம் அரைச் சுற்று திருகினேன். கார் மாவு மில் மாதிரி இரைந்தது. ஆனால் இரண்டு நாள் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பெருந்தன்மையோடு போன் செய்தேன்.

"இப்ப நிக்கறதே இல்லைன்னு சொல்லுங்க புட்டசாமி."

கத்தல். பதில் கத்தல்.

"அடடா அந்தெ. இப்பவே வரேன் அந்தெ."

சாப்பாட்டு நேரத்தில் சம்பங்கி சைக்கிளில் தொழிற்சாலை வாசலுக்கே வந்துவிட்டார். காரைத் திறந்தார், என் அரைச் சுற்றைத் திருப்பிவிட்டுப் போய்விட்டார். அன்று மாலை வீடு சேர்வதற்குள் ஏழு தடவை நின்றது.

இப்படியே போயிற்று. கார் நன்றாக இருந்தால் ஓடிவந்து கெடுத்தார். கெட்டுப்போனால் கை வைக்காதே என்றார். பதினெட்டு நாளில் அவர் ஐந்து தடவை திருகினார், நான் நாலு தடவை திருப்பினேன். திருகு அவர் முதலில் வைத்த இடத்திலேயே இருந்தது. சம்பங்கிக்குக் காது போய்விட்டது என்று நான் முடிவு செய்தேன். கல்யாணக் கவலையில் சாருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அவர் புட்டசாமியிடம் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. ஒரு நாள் காரின் முன்சீட்டில் ஒரு ரஸ்க் பொட்டலம் வைத்திருந்தார்கள். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வாங்கிப்போகிற பொட்டலம்.

வேறு மெக்கானிக்கிடம் போயிருக்கலாமே என்பீர்கள். மூன்று பேரிடம் போனேன். மூன்று பேரும் காரைத் திறந்து, "சம்பங்கி கை வெச்ச வண்டியா?" என்று மூடிவிட்டார்கள். அவர் மேல் அவ்வளவு மரியாதை.

பத்தொன்பதாம் நாள் ஆபீஸிலிருந்து போன் செய்தேன். எங்கள் தொழிற்சாலையிலிருந்து வெளியே பேச வேண்டுமானால் ஆபரேட்டரிடம் நம்பரைச் சொல்லி, போட்டுத்தரச் சொல்லி வாங்க வேண்டும். ஆபரேட்டர் வேறு யாருமில்லை, மஞ்சுளாதான். லைனைக் கொடுத்த பிறகு ஆபரேட்டர் கேட்கக்கூடாது, பேசவே கூடாது. கண்டிப்பான விதி.

"புட்டசாமி, நிக்குது, நிக்குதுன்னு தொண்டை கிழியக் கத்தறேன். அவருக்கு மனசாட்சி இருக்குதான்னு கேளுங்க."

"நின்னா நல்லதுதானே அந்தெ."

"நின்னா எப்படிய்யா நல்லது?"

அப்போது லைனில் மூன்றாவதாக ஒரு குரல் கேட்டது.

"மாமா, போன வெச்சிடாதீங்க. அவரு கேக்கறது ஸ்லோ நிக்குதான்னு. அப்படின்னா விடாம ஓடுதான்னு அர்த்தம். நீங்க சொல்றது என்ஜின் நின்னுபோவுதுன்னு. அவருக்கு நிக்கறது நல்லது, உங்களுக்கு நிக்கறது கெட்டது. பத்தொம்பது நாளா கேட்டுனு இருக்கறேன் மாமா. இன்னும் நாலு நாள்தான் இருக்குது. இதுக்கு மேல என்னால முடியாது."

"நீ ஒட்டுக் கேட்டியா?"

"என் கல்யாணம் மாமா."

"யாரு சார் நடுவுல?" என்றார் புட்டசாமி.

"அக்கா மக. கல்யாணப் பொண்ணு," என்றேன். பிறகு புட்டசாமி வாசலைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். முதல் தடவையாகச் சம்பங்கியே உள்ளே வந்து ரிசீவரை வாங்கினார்.

"சார், அப்ப நின்னுச்சுன்னா, நின்னே போச்சா?"

"நின்னே போச்சு."

"எத்தினி நாளா?"

"பத்தொம்பது."

"பத்தொம்பது நாளா நான் உங்களப் பைத்தியம்னு நெனச்சுனு இருந்தேன் சார்."

"நானும் உங்களை அப்படித்தான் நினைச்சேன்."

"அப்ப சரி," என்று வைத்துவிட்டார்.

அன்று மாலை அவர் அந்தத் திருகைத் தொடவே இல்லை. ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்தார். பிறகு ஒரு டம்ளரில் சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து, என்ஜின் ஓடும்போதே கார்புரேட்டரைச் சுற்றித் துளித்துளியாக விட்டார். ஓர் இடத்தில் தண்ணீர் சர்ரென்று உள்ளே போயிற்று.

"காத்து இழுக்குது சார்."

விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாய். அதில் நகக்கீறல் அளவுக்கு ஒரு விரிசல். என்ஜினுக்கு அளந்து கொடுக்க வேண்டிய காற்று அந்த விரிசல் வழியாக அளவில்லாமல் போயிருக்கிறது. ஸ்டோரில் இருப்புக்கு மேல் சரக்கு வந்தால் என்ன குழப்பமோ அதே குழப்பம். புதுக் குழாய் மாட்டினார். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. புட்டசாமி ஒரு ரஸ்க்கைக் கொண்டுவந்து என்ஜின் மேல் இருக்கும் தகர மூடியில் நெட்டுக்குத்தாக நிறுத்தினார். நான் நானூறு வரை எண்ணினேன். ரஸ்க் விழவில்லை. நானூறு ஆனதும் புட்டசாமி அதை எடுத்து டீயில் தோய்த்துத் தின்றுவிட்டார்.

அன்றிலிருந்து நானும் சம்பங்கியும் ‘நிக்குது’ என்ற சொல்லையே விட்டுவிட்டோம். ‘உயிரோட இருக்குது’, ‘போயிடுச்சு’ என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். ஒரு நாள் போனில் நான், "இல்ல இல்ல, போகலை, உயிரோடதான் இருக்கு," என்று சொல்வதைக் கேட்ட டைப்பிஸ்ட் அம்மாள், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டாள்.

மாப்பிள்ளை அழைப்பு மாலை ஆறு மணிக்கு. பிள்ளையார் கோவிலிலிருந்து மண்டபத்துக்கு என் காலடியில் ஆயிரத்து நூற்று நாற்பது அடி. மூன்று தடவை அளந்திருந்தேன். காருக்குப் பூ அலங்காரம் செய்தவர் சீரியல் பல்புகளையும் சுற்றி, ஒயரைக் காரின் பாட்டரியிலேயே கொடுத்துவிட்டார். மாப்பிள்ளை பின்சீட்டில் வழக்கம்போல வாய் திறக்காமல் உட்கார்ந்தார். பெரியப்பா பேண்டு செட்டுக்குப் பின்னால் நடந்தார். சம்பங்கி இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். பானெட்டின் மேல் ஒரு கையை வைத்தபடி காரோடு கூடவே நடந்தார்.

எழுநூறு அடி வரை எல்லாம் சரியாகவே போயிற்று. அங்கேதான் வாத்தியக்காரர்களுக்கு வேகம் வந்தது. கிளாரினெட்டும் டிரம்மும் சேர்ந்து எழுப்பிய சத்தத்தில் எனக்கு என்ஜின் ஓடுகிற சத்தம் கேட்கவில்லை. பழைய குறட்டையாக இருந்தால் உடம்பாவது குலுங்கும். சம்பங்கி வைத்துக்கொடுத்த ஸ்லோவில் அதுவும் இல்லை. ஆட்டத்துக்காக ஊர்வலம் நின்றிருந்தது, காரும் நின்றிருந்தது. என்ஜின் இருக்கிறதா, போய்விட்டதா? ஸ்டீரிங்கில் காதை வைத்துப் பார்த்தேன். கூட்டத்தில் ஒருவர் எனக்கு மயக்கம் என்று நினைத்துச் சோடா வாங்கப் போனார்.

சாவியைத் திருகினேன். ஓடிக்கொண்டிருக்கும் என்ஜினில் போய் ஸ்டார்ட்டர் மோதினால் தகரத்தைப் பல்லால் கடிப்பதுபோல ஒரு சத்தம் வரும். அது வந்தது. ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அந்தச் சத்தத்துக்குப் பயந்து சாவியை எதிர்ப்பக்கம் திருகினேன். கொஞ்சம் அதிகமாகத் திருகிவிட்டேன்.

இப்போது உண்மையிலேயே நின்றுபோயிற்று. மறுபடி திருகினால் ‘டக்’ என்றது. அவ்வளவுதான். அத்தனை பல்புகளும் பாட்டரியைக் குடித்திருந்தன. மெதுவாக ஓடுகிற என்ஜின் பாட்டரிக்குத் திரும்ப ஒன்றும் கொடுப்பதில்லை என்பதை நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை.

முதலில் தெரிந்துகொண்டது சம்பங்கியின் உள்ளங்கைதான். ஜன்னலில் குனிந்தார்.

"இன்னா சார் பண்ணீங்க?"

"நின்னுடுச்சு."

"யாரு நின்னுடுச்சு? என் நின்னுடுச்சா, உங்க நின்னுடுச்சா?"

"என் நின்னுடுச்சு."

முன்னால் பேண்டு செட் நகர ஆரம்பித்தது. பெரியப்பாவின் முதுகு நகர்ந்தது. இன்னும் நானூற்று நாற்பது அடி. தட்டோடு நிற்கும் அக்காவைக் கண்ணாடியில் பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அந்தத் தெரியாத முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"கியர எடுங்க," என்றார் சம்பங்கி. "ஸ்டீரிங்க மட்டும் புடிங்க. மூஞ்சிய சாதாரணமா வெச்சிக்கங்க."

பின்னால் போனார். கார் நகர்ந்தது. பத்து அடி போவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. பிறகு அவர் குரல் கேட்டது. இன்றைக்கும் அந்தக் குரலின் பயபக்தியை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது.

"மாமன் வண்டி மேல கை வெச்சுனு வந்தா ரெண்டு வீட்டுக்கும் நல்லதும்மா. எங்க பக்கம் வழக்கம். எல்லாரும் வைங்க. ஸ்வல்ப அழுத்தி வைங்க."

அக்கா தட்டை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு முதலில் கை வைத்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். எண்ணினேன், பதினாறு கை. கார் வெண்ணெய் மாதிரி போயிற்று. பெரியப்பா திரும்பிப் பார்த்தார். நான் மூஞ்சியைச் சாதாரணமாக வைத்துக்கொண்டேன்.

"இன்னா அது, எல்லாரும் கை வெச்சினு வரீங்க?"

"வழக்கங்க," என்றாள் அக்கா.

வழக்கம் என்றால் தன்னை விட்டுவிட்டு நடப்பதை அவர் பொறுக்கமாட்டார். விறுவிறுவென்று பின்னால் போய் இரண்டு கையையும் வைத்தார். கனத்த உடம்பு. காரின் வேகம் சட்டென்று கூடியதில் நான் பிரேக்கை மிதிக்க வேண்டியதாயிற்று.

அப்போதுதான் மாப்பிள்ளை என்னிடம் முதன்முதலாகப் பேசினார்.

"மாமா, என்ஜின் ஓடலியே."

"ஓடலை."

கதவுப் பிடியில் கை வைத்தார். "நானும் எறங்கி கை வெக்கட்டுமா?"

"நீங்க உக்காருங்க மாப்ள," என்றேன். இந்தப் பிள்ளையிடம் மஞ்சுளா நன்றாக இருப்பாள் என்று எனக்கு அந்த இடத்தில்தான் நிம்மதி வந்தது.

மண்டப வாசலில் பெரியப்பா என் தோளைத் தட்டினார். "சத்தமே இல்லாம வந்துச்சுய்யா வண்டி. மெக்கானிக் யாரு?" சம்பங்கியை முன்னால் நிறுத்தினேன். அவருக்குச் சால்வை போட்டார்கள். சட்டை முழுக்க வியர்வை. சால்வையோடு என்னைப் பார்த்தார் பாருங்கள், கடன்காரனைப் பார்ப்பதுபோல. அவர் நிறுத்திவைத்த ஸ்லோவை ஒருவரும் கேட்காமல் நானே அணைத்துவிட்டேன் என்ற வருத்தம் அவருக்கு வெகுநாள் இருந்தது.

அந்த வழக்கம் அதோடு முடியவில்லை. அந்தக் குடும்பத்தில் அடுத்து நடந்த நாலு கல்யாணத்திலும் ஊர்வலக் காரின் மேல் கை வைத்தார்கள். கடைசியாக வாணியம்பாடியில் பார்த்தது புத்தம்புதுக் கார், முப்பத்தொரு கை. ஜனங்கள் தள்ளுகிற தள்ளில் டிரைவர் வழிநெடுக பிரேக்கிலேயே கால் வைத்திருந்தான். எங்கள் தாத்தா காலத்து வழக்கம் என்று பெரியப்பா பெண் வீட்டாருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். என்னோடு வந்திருந்த சம்பங்கி நேராகப் போய்த் தன் கையையும் வைத்தார்.

இப்போது பெரியப்பா இல்லை. சம்பங்கியும் இல்லை. ஷெட் இருந்த இடத்தில் மரமும் இல்லை. புட்டசாமி கடையை விட்டுவிட்டு ஹாசனுக்கே போய்விட்டார் என்கிறார்கள். ஆபரேட்டர் என்ற வேலையே இல்லை.

போன வருஷம் மஞ்சுளாவின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது. கார் நேராகப் பூமிக்கடியில் இறங்கி நின்றது, மாப்பிள்ளை இறங்கி லிஃப்டில் ஏறினார். மண்டபம் மூன்றாவது மாடி. ஊர்வலம் என்று பார்த்தால் பதினான்கு அடி. மஞ்சுளாவின் புருஷனுக்கு இப்போது பாதி முடி நரைத்துவிட்டது, அதிகம் பேசாதது மட்டும் அப்படியே இருக்கிறது. மூடப்போன லிஃப்டுக் கதவின் மேல் அவர் உள்ளங்கையை வைத்தார். கதவு திறந்துகொண்டது. மறுபடி மூட வந்தது, மறுபடி வைத்தார், மறுபடி திறந்துகொண்டது. உள்ளே இருந்தவர்கள் ஏதாவது மறந்துவிட்டீர்களா என்று கேட்டார்கள். மூன்றாவது தடவையும் திறந்துகொண்டது. நாலாவது தடவை கையை எடுத்துக்கொண்டார்.